சுருதி ஏன் நடுங்குகிறது: வீட்டில் கட்டும் சிந்தசைசருக்கு எந்தப் பவர் சப்ளை?

வீட்டில் கட்டிவரும் மாடுலர் சிந்தசைசருக்கு (மாடுல் எனப்படும் தனித்தனித் தொகுதிகளைக் கோத்துச் செய்யும் மின்னணு இசைக்கருவிக்கு) டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை நல்லதா, எஸ்.எம்.பி.எஸ். (மொபைல் சார்ஜரில் இருப்பதுபோல் அதிவேகமாக ஸ்விட்ச் செய்து மின்னழுத்தத்தை மாற்றும் சப்ளை) நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று தோன்றுகிறது. 12-0-12, 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ஒரு டயோடு பிரிட்ஜ், பக்கத்துக்கு ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐ.சி.க்களான 7812 (ப்ளஸ் 12), 7912 (மைனஸ் 12) ஆகியவற்றை ஜீரோ பி.சி.பி.யில் (ஓட்டைகள் போட்ட பொதுப் போர்டில்) வைத்து ±12 வோல்ட் சப்ளை ஒன்றை ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். அதில் இரண்டு வி.சி.ஓ. (மின்னழுத்தத்துக்கு ஏற்ற சுருதியில் ஒலியலையை உண்டாக்குவது), ஒரு ஃபில்டர், ஒரு வி.சி.ஏ. (ஒலியளவை மின்னழுத்தத்தால் மாற்றுவது), ஒரு என்வலப் (ஒலி எழுந்து அடங்கும் வடிவைத் தருவது), ஒரு மிக்ஸர், அர்டுயினோ நானோ என்னும் சிறு கணினிப் போர்டில் செய்த சீக்வென்சர் (சுரங்களை வரிசையாக வாசிக்கச் செய்வது) ஆகியவை ஓடுகின்றன. சீக்வென்சரின் எல்.ஈ.டி. டிஸ்ப்ளேயில் அதிக விளக்குகள் எரியும் படிகளில் சுருதி சற்றே ஏறுகிறது. மாலை நேரங்களில் சில நாள் மெல்லிய உறுமலும் கேட்கிறது. கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். வாங்கச் சொல்கிறார், நண்பர் லீனியரை விட்டு நகராதே என்கிறார், வீட்டில் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றும் சும்மா கிடக்கிறது. ஆக, இந்த இரண்டு கோளாறுகளும் புதிய சப்ளை வாங்கினால் தீருமா என்பதுதான் கேள்வி. என் பதில்: ஒன்று நிச்சயம் தீராது, மற்றொன்றைப் புதிய சப்ளை வாங்காமலேயே தீர்க்கலாம்.

நான் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு பழுது பார்ப்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டவன். சொந்தமாக சிந்தசைசர் கட்டத் தொடங்கியது அதற்கு வெகு பின்னால். உங்கள் போர்டை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்தே சொல்கிறேன். ஆகவே எது கணக்கால் உறுதியாகும், எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் சுருதி. நீங்கள் பின்பற்றும் யூரோராக் என்னும் மாடுலர் முறையில், டைட்டர் டோப்ஃபர் 1995 வாக்கில் ஏ-100 தொகுதியுடன் பரவலாக்கிய வழக்கப்படி, ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்பது கணக்கு, அதாவது வி.சி.ஓ.வுக்குத் தரும் மின்னழுத்தம் 1 வோல்ட் ஏறினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் இருப்பதால் ஓர் அரைச்சுரத்துக்கு 83.3 மில்லி வோல்ட் வருகிறது. அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பிரிக்கும் வழக்கப்படி ஒரு சென்ட்டுக்கு 0.83 மில்லி வோல்ட்தான். பழுது பார்க்கும் மேசையில் 5 மில்லி வோல்ட்டை நாம் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. சிந்தசைசரில் அதே 5 மில்லி வோல்ட் 6 சென்ட். இரண்டு வி.சி.ஓ.க்களை ஒரே சுருதியில் சேர்த்து வைத்திருக்கும்போது அதில் ஒன்று மட்டும் 6 சென்ட் நகர்ந்தால், பயிற்சியில்லாத காதுக்குக்கூட இரண்டுக்கும் இடையே அலையலையாகத் துடிப்பு எழுவது கேட்கும்.

இப்போது உங்கள் கிரவுண்ட் கம்பியை, அதாவது எல்லா மாடுல்களுக்கும் பூஜ்ய வோல்ட்டாக இருந்து மின்னோட்டம் சப்ளைக்குத் திரும்பும் கம்பியைப் பார்ப்போம். சப்ளையிலிருந்து ஒரு கம்பி புறப்பட்டு, முதல் மாடுலுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசியில் சீக்வென்சருக்கு என்று மாலை கோத்ததுபோல் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பயன்படுத்தியது ரிப்பன் கேபிளிலிருந்து உரித்த ஒற்றை இழை என்றால் அது பெரும்பாலும் 28 கேஜ் கம்பியாக இருக்கும். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 60 செண்டிமீட்டர் நீளத்துக்கு 0.13 ஓம். டிஸ்ப்ளேயில் ‘1’ எரியும்போதும் ‘8’ எரியும்போதும் மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே ஏறக்குறைய 8 மில்லி வோல்ட் வேறுபாடு உண்டாகும். அதாவது சீக்வென்சர் ‘பூஜ்யம்’ என்று நினைக்கும் இடம், வி.சி.ஓ. ‘பூஜ்யம்’ என்று நினைக்கும் இடத்தைவிட 8 மில்லி வோல்ட் மேலே ஏறிவிடுகிறது. சீக்வென்சர் தன் பூஜ்யத்திலிருந்து சரியாக 2 வோல்ட் அனுப்புகிறது, வி.சி.ஓ. தன் பூஜ்யத்திலிருந்து அளந்து பார்த்து அதை 2.008 வோல்ட் என்று படிக்கிறது. சுருதி 9 அல்லது 10 சென்ட் ஏறுகிறது. நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல் ‘ஏறுகிறது’ என்பதுதான். கிரவுண்ட் கம்பியில் திரும்பி ஓடும் மின்னோட்டம் சீக்வென்சரின் பூஜ்யத்தை எப்போதும் மேலேதான் தள்ளும், ஆகவே சுருதி ஏறத்தான் செய்யும். இறங்கியிருந்தால் நான் வேறு இடத்தில் தேடியிருப்பேன்.

இதை என் பேச்சை நம்பி ஏற்க வேண்டியதில்லை, அளந்தே பார்த்துவிடலாம். மல்டிமீட்டரை மில்லி வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை வி.சி.ஓ. போர்டின் கிரவுண்டிலும் சிவப்பு முனையை நானோவின் கிரவுண்ட் முள்ளிலும் தொட்டுப் பிடித்துக்கொண்டு, டிஸ்ப்ளேயில் ‘1’, ‘8’ இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டச் செய்யுங்கள். எண் 5, 6 மில்லி வோல்ட் குதித்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. குதிக்கவே இல்லையென்றால் என் ஊகம் தவறு, அப்போது வி.சி.ஓ.வின் சப்ளை முனைகளைத் தனித்தனியே அளக்க வேண்டும்.

இந்தக் கோளாறைப் பொறுத்தவரை சப்ளை லீனியரா எஸ்.எம்.பி.எஸ்.ஸா என்பதற்கு எந்தப் பங்கும் இல்லை. உலகிலேயே சுத்தமான சப்ளையை வாங்கி வைத்தாலும் அதே கம்பியில் அதே 60 மில்லி ஆம்பியர் ஓடினால் அதே 8 மில்லி வோல்ட்தான் வரும். தீர்வு கம்பியில் இருக்கிறது. சப்ளையின் வெளிவாயில் ஒரே ஒரு கிரவுண்ட் புள்ளியை வைத்துக்கொண்டு, சீக்வென்சருக்கு ஒன்று, வி.சி.ஓ. இரண்டுக்கும் ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கம்பிகள் அங்கிருந்து புறப்படட்டும். யூரோராக்கின் 10 முள் கனெக்டரில் நடுவிலுள்ள 6 முட்களும் கிரவுண்டுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 6 இழைகளும் ஒன்றாகச் சேரும்போது நான் மேலே சொன்ன 0.13 ஓம், 0.02 ஓமாகச் சுருங்கிவிடுகிறது. முழு ரிப்பனையும் அப்படியே பயன்படுத்துவதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

கிரவுண்ட் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் பலரும் சறுக்குவதை மேசையில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரின் நடுக்கம்பி இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் சேரும் இடத்துக்கு நேராக வர வேண்டும். பிறகு அந்த இடத்திலிருந்து தனியே ஒரு கனமான கம்பி வெளிவாய்க்குப் போக வேண்டும். நடுக்கம்பிக்கும் கெப்பாசிட்டருக்கும் இடையே உள்ள தடத்தில், கெப்பாசிட்டர் நிரம்பும் ஒவ்வொரு முறையும், அதாவது நொடிக்கு 100 முறை, சராசரி மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு உயரமான துடிப்பு ஒன்று பாய்கிறது. அந்தத் தடத்தின் நடுவில் எங்காவது மாடுல்களின் கிரவுண்டை ஒட்டினீர்களானால் அந்த 100 ஹெர்ட்ஸ் துடிப்பு நேரே ஒலிக்குள் போய்விடும். ரெகுலேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

நானோவுக்கும் டிஸ்ப்ளேக்கும் ஒரு யோசனை. அவற்றின் 5 வோல்ட்டை ப்ளஸ் 12 வோல்ட்டிலிருந்து எடுக்காமல், தனியே ஒரு நல்ல மொபைல் சார்ஜரிலிருந்து கொடுத்துப் பாருங்கள். சார்ஜரின் மைனஸை சீக்வென்சர் போர்டில் மட்டும் கிரவுண்டோடு இணையுங்கள். டிஸ்ப்ளேயின் மின்னோட்டம் சார்ஜரிலிருந்து புறப்பட்டுச் சார்ஜருக்கே திரும்பிவிடும், வி.சி.ஓ.வோடு பகிர்ந்துகொள்ளும் கம்பியில் அது கால் வைக்காது. செலவும் குறைவு, 7812இன் சூடும் குறையும். ஆனால் மலிவான சார்ஜர் சில நேரம் தன்னுடைய ஒரு கீச்சொலியை உள்ளே கொண்டுவரும். அப்படிக் கேட்டால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள், முறையைக் கைவிட வேண்டாம்.

அடுத்தது மாலை நேர உறுமல். இதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், போட்டால் சப்ளை தேர்ந்தெடுக்கும் முறையும் கூடவே பிடிபட்டுவிடும். முதலில் மின்னோட்டச் செலவுக் கணக்கு. உங்கள் பட்டியலை வைத்து நான் போட்டுப் பார்த்தது: வி.சி.ஓ. ஒன்றுக்கு 40 மில்லி ஆம்பியர் வீதம் 80, ஃபில்டருக்கு 30, வி.சி.ஏ.வுக்கு 20, என்வலப்புக்கும் மிக்ஸருக்கும் 15 வீதம் 30, நானோவுக்கும் டிஸ்ப்ளேக்கும் சேர்த்து 120. ப்ளஸ் பக்கம் மொத்தம் 280 மில்லி ஆம்பியர். மைனஸ் பக்கம் டிஜிட்டல் எதுவும் இல்லாததால் 140 போதும் என்று வைத்துக்கொள்வோம். இவை தோராயமான எண்கள். மாடுல் ஒவ்வொன்றையும் தனியே இணைத்து, இரண்டு பக்கத்திலும் மீட்டரைத் தொடரில் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐ.சி.யின் டேட்டாஷீட்டைக் கூட்டிக் கணக்கிட விரும்பினால், டிஎல்074 என்னும் ஐ.சி. ஒன்றுக்கு, அதிலுள்ள நான்கு ஆப்-ஆம்ப்களும் (பெருக்கிச் சுற்றுகளும்) சேர்ந்து வழக்கமாக 6 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, அதிகபட்சம் 10 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இனி மின்னழுத்தம். 7812 தன் வேலையைச் சரியாகச் செய்ய, உள்ளே வரும் மின்னழுத்தம் எந்தக் கணத்திலும் 14.5 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ‘எந்தக் கணத்திலும்’ என்பதுதான் இதில் முக்கியம், ஏனென்றால் மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. 12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 17 வோல்ட். டயோடில் 1 வோல்ட் போனால் 16. கெப்பாசிட்டரில் எழும் சிற்றலையின் (மின்னழுத்தம் ஏறி இறங்கும் அலைவின்) உயரத்தை அறிய, மின்னோட்டத்தை 100ஆலும் கெப்பாசிட்டரின் ஃபாரட் அளவாலும் வகுத்தால் போதும். 0.28 ஆம்பியருக்கும் 1000 மைக்ரோஃபாரட்டுக்கும் 2.8 வோல்ட் வருகிறது. இந்தச் சூத்திரம் சற்று மிகைப்படுத்தும், நடைமுறையில் 2.2 அல்லது 2.5 இருக்கும். 16இலிருந்து 2.5 போனால் பள்ளத்தில் 13.5 வோல்ட்தான் மிச்சம்! கணக்குப்படி உங்கள் சப்ளை பகலிலும் உறுமியிருக்க வேண்டும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 12 வோல்ட் முழுச் சுமையில் வரும் அளவு. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் குறைந்த சுமையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலாகவே தரும். அந்தக் கூடுதல்தான் பகலில் உங்களைக் காப்பாற்றிவருகிறது. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது 230 வோல்ட் 207க்கு இறங்கினால் அந்த 10 சதவீதம் கரைந்துவிடுகிறது. நொடிக்கு 100 முறை 7812 கைவிட்டுவிட்டு மீண்டும் பிடிக்கிறது. நீங்கள் கேட்கும் உறுமல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மாலையில் மட்டும் வருகிறது என்பதால் இதில் எனக்குச் சந்தேகம் குறைவு.

இதற்குப் பரிகாரம், இரண்டு பக்கத்திலும் 1000 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் 4700 போடுவதுதான். சிற்றலை 0.6 வோல்ட்டாகக் குறைகிறது. 207 வோல்ட்டிலும் பள்ளம் 15 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். சீக்வென்சரின் சுமையையும் சார்ஜருக்கு மாற்றிவிட்டால் இன்னும் தாராளம். கெப்பாசிட்டர் 25 வோல்ட் அளவில் கிடைத்தாலும் 35 வோல்ட்டாகவே வாங்குங்கள். சுமையே இல்லாத நேரத்தில், மின்சாரம் 250ஐத் தொடும் நள்ளிரவில், 25க்கும் உங்கள் கெப்பாசிட்டரில் ஏறும் மின்னழுத்தத்துக்கும் இடையே அதிக இடைவெளி இருக்காது.

கூடவே டிரான்ஸ்ஃபார்மரின் ‘1 ஆம்பியர்’ என்ற எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது ஏ.சி. அளவு. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் வைத்து டி.சி. எடுக்கும்போது மின்னோட்டம் துடிப்புத் துடிப்பாக இழுக்கப்படுவதால், சுருள் சூடாகாமல் தொடர்ந்து தரக்கூடியது ஏறக்குறைய 0.55 அல்லது 0.6 ஆம்பியர்தான். 280 மில்லி ஆம்பியருக்கு இது தாராளம். வருங்காலத்தில் இன்னும் நான்கைந்து மாடுல் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் 15-0-15, 2 ஆம்பியருக்கு மாறலாம். அதில் 207 வோல்ட்டிலும் நிம்மதி. ஆனால் அதற்கான விலை சூடு. உள்ளே சராசரி 21, வெளியே 12 என்றால், 1 ஆம்பியரில் 9 வாட் ஹீட் சிங்க்கில் வெந்துகொண்டிருக்கும். ஹீட் சிங்க் இல்லாத 7812 தாங்குவது ஏறக்குறைய 1 வாட்தான்.

ஹீட் சிங்க் என்றதும் என் சொந்தத் தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. தொடக்கத்தில் ஒருமுறை 7812ஐயும் 7912ஐயும் ஒரே அலுமினியத் தகட்டில், மின்சாரம் கடக்காமல் தடுக்கும் மைக்கா வைக்காமல் முடுக்கிவிட்டேன். 7812இன் உலோக முதுகு கிரவுண்ட். 7912இன் முதுகு கிரவுண்ட் அல்ல, உள்ளே வரும் மைனஸ். இரண்டும் தகடு வழியே சேர்ந்துகொண்டன. பிரிட்ஜின் ஒரு மூலையிலிருந்து புகை எழுந்தது, நான் செருப்பில்லாமல் சுவிட்சுக்கு ஓடினேன். அந்தத் தகடு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, ஓட்டையைச் சுற்றிக் கறுத்த வளையத்தோடு. கால்களின் வரிசையும் இரண்டிலும் வேறு: 7812இல் இடமிருந்து உள்வரவு, கிரவுண்ட், வெளிவரவு, 7912இல் கிரவுண்ட், உள்வரவு, வெளிவரவு. இரண்டின் வெளிவாயிலும் கிரவுண்டுக்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4002 டயோடு போட மறக்காதீர்கள். சுவிட்ச் போடும்போது ஒரு பக்கம் முந்திக்கொண்டால் மற்றொன்று எழவே முடியாமல் மாட்டிக்கொள்வதை அது தடுக்கும்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டதற்கு வருகிறேன். எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சூடு குறைவு, எடை குறைவு, மின்சாரம் 180க்கு இறங்கினாலும் பெரும்பாலானவை அசையாது. உங்கள் மாலை உறுமலை அது உடனே நிறுத்திவிடும் என்பதும் உண்மை. அதன் குறை, பல பத்தாயிரம் ஹெர்ட்ஸில் அது விடும் கூர்மையான இரைச்சல். அது நேராகக் காதுக்குக் கேட்காது. ஆனால் ஆப்-ஆம்ப்கள் 100 ஹெர்ட்ஸ் சிற்றலையை ஆயிரக்கணக்கான மடங்கு அடக்குவதுபோல் 65,000 ஹெர்ட்ஸ் இரைச்சலை அடக்குவதில்லை. அதிர்வெண் ஏற ஏற அந்தத் திறன் தேய்ந்துகொண்டே போகும். உள்ளே புகுந்த இரைச்சல் வி.சி.ஓ.வின் அலையோடு கலந்து, இரண்டின் வேறுபாடாகக் காதுக்குக் கேட்கும் விசில் ஒன்றை உண்டாக்கலாம். சுருதியைத் திருப்பும்போது தானும் எதிர்த்திசையில் ஏறி இறங்கும் மெல்லிய விசில் கேட்டால் அதுதான்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ±12 பெற எளிய வழி, ஒரே மாதிரியான இரண்டு 12 வோல்ட் அடாப்டர்கள். ஒன்றின் மைனஸையும் மற்றொன்றின் ப்ளஸையும் சேர்த்தால் அதுவே கிரவுண்ட். இரண்டுமே இரண்டு முள் அடாப்டர்களாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். மூன்று முள் அடாப்டர்கள் சிலவற்றில் வெளிவரும் மைனஸ் எர்த்தோடு உள்ளேயே இணைந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டை இவ்வாறு சேர்த்தால் ஒன்று நேரே ஷார்ட் ஆகிவிடும். இரண்டு அடாப்டர்களின் அதிர்வெண்களும் அச்சாக ஒன்றாயிருப்பதில்லை. ஒன்று 65,000 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 66,200இலும் ஓடினால் வேறுபாடு 1,200 ஹெர்ட்ஸ், நல்ல கேட்கும் எல்லைக்குள். எனவே ஒவ்வொரு பக்கத்திலும் 10 மைக்ரோஹென்ரி காயிலும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் கொண்ட வடிகட்டி ஒன்று தேவை. காகிதக் கணக்கில் இது 65,000 ஹெர்ட்ஸை 700 மடங்குக்கு மேல் அடக்கும். கெப்பாசிட்டரின் உள்தடை 0.05 ஓம் என்றாலே அது 80 மடங்காகச் சுருங்கிவிடும். அந்த 80 மடங்கே பெரும்பாலும் போதுமானது. நானே இன்று புதிதாகக் கட்டினால் 15 வோல்ட் அடாப்டர் இரண்டை எடுத்து, இந்த வடிகட்டியைப் போட்டு, அதன்பின் 7812, 7912 வைப்பேன். 3 வோல்ட்தான் சூடாக வீணாகும், வீட்டு மின்சாரத்தைத் தொடும் கம்பி எதுவும் என் பெட்டிக்குள் இருக்காது. நீங்கள் 230 வோல்ட்டை நேராகக் கையாண்டு பழகாதவர் என்றால் இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே முடிவு செய்யப் போதும். இப்போதுள்ள டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொள்வதானால் அதை மூடிய தனிப் பெட்டியில் வைத்து, லைன் கம்பியில் 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போட்டு, உலோகப் பெட்டியானால் எர்த் கொடுங்கள். பெட்டி சிந்தசைசரிலிருந்து ஓரடி தள்ளி இருப்பது ஒலிக்கும் நல்லது, டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் ஃபில்டர் போர்டுக்குள் ஹம்மாக நுழையாது.

பழைய கம்ப்யூட்டர் சப்ளையை விட்டுவிடுங்கள். அதன் ப்ளஸ் 12 பக்கம் பல ஆம்பியர் தரும் என்பது ஆசை காட்டும். மைனஸ் 12 பக்கம் பெரும்பாலும் 1 ஆம்பியருக்குக் கீழ், சிலவற்றில் 0.3 மட்டுமே. கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். விதியே மைனஸ் 12க்கு 10 சதவீதம் வரை தளர்வு கொடுக்கிறது. மற்ற பக்கங்களின் சுமை மாறும்போது அது தன் போக்கில் நகரும். போதாததற்கு, ஏதாவது தவறாக ஷார்ட் ஆனால் ப்ளஸ் பக்கம் உங்கள் போர்டின் தடத்தை ஆவியாக்கிவிட்டுத்தான் ஓயும். மூன்று வெளிவாய் கொண்ட தொழிற்சாலை வகை எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் விளம்பரத்தில் உள்ள வாட் கணக்கைப் பார்க்காமல் மைனஸ் பக்கத்தின் ஆம்பியரைப் பாருங்கள். நம்முடைய வேலையில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

லீனியர் சப்ளையில் ஒலி ‘இதமாக’ இருக்கும் என்று உங்கள் நண்பர் சொல்வது பற்றி. இது எனக்குச் சந்தேகமான பகுதி. ஒரே வி.சி.ஓ.வை வடிகட்டி போட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் லீனியரிலும் மாற்றி மாற்றி ஓட்டிக் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டால் எது எதுவென்று சொல்ல என்னால் முடிந்ததில்லை. என் காதுக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பருக்குக் கேட்கிறது என்றால் மறுக்கமாட்டேன், ஆனால் அதற்காகப் பணம் செலவிடச் சொல்லவும்மாட்டேன்.

சப்ளைமேல் தவறாகப் பழி விழும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் போட்ட முதல் இருபது நிமிடம் சுருதி மெல்ல நகர்வது பெரும்பாலும் வி.சி.ஓ.வுக்குள் மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் எக்ஸ்பொனென்ஷியல் டிரான்சிஸ்டர்கள் சூடேறுவதால்; அதைச் சப்ளை மாற்றித் தீர்க்க முடியாது. சப்ளைக்கும் அதில் சிறு பங்கு உண்டு. 7812 ஒரு டிகிரி சூடேறினால் அதன் வெளிவரவு ஏறக்குறைய 1 மில்லி வோல்ட் நகரும். 20 டிகிரி ஏறினால் 20 மில்லி வோல்ட், அதாவது 0.17 சதவீதம். ட்யூன் குமிழைச் சப்ளையின் இரு முனைகளுக்கு நடுவே நேராகக் கட்டி அதிலிருந்து 3 வோல்ட் எடுக்கிறீர்கள் என்றால் அந்த 3 வோல்ட்டும் 5 மில்லி வோல்ட் நகரும், 6 சென்ட். ட்யூன் குமிழுக்கு மட்டும் எல்எம்4040 போன்ற, மாறாத மின்னழுத்தம் தரும் ஒரு ரெஃபரென்ஸ் ஐ.சி.யிலிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் இந்தக் கவலை போய்விடும். சப்ளை 11.8 தருகிறதா 12.2 தருகிறதா என்று பிறகு நீங்கள் பார்க்கவே தேவையில்லை.

வேலை முடிந்ததும் மாடுல் எதையும் செருகாமல் சப்ளையை மட்டும் போட்டு, ஒவ்வொரு கனெக்டரிலும் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் முள் முள்ளாக அளந்துவிடுங்கள். ரிப்பனின் சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் ப்ளஸ் என்று பழகிய கை இங்கே தவறு செய்யும், என் கையும் செய்திருக்கிறது. 10 முள் கனெக்டரைத் திருப்பிச் செருகினால் ப்ளஸும் மைனஸும் இடம் மாறி ஆப்-ஆம்ப்கள் வெந்துவிடும். எனவே மாடுல் ஒவ்வொன்றின் வாசலிலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரு 1என்5817 டயோடு தொடரில் இருக்கட்டும், 0.3 வோல்ட் இழப்பது நமக்கு ஒரு நட்டமல்ல. இப்போதைக்கு நான்கு பொருள்தான் வாங்க வேண்டியிருக்கும்: 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, கொஞ்சம் கனமான கம்பி, இந்த டயோடுகள், கையில் இல்லையென்றால் ஒரு மொபைல் சார்ஜர். கம்பியை மாற்றுவதற்கு முன்பே நானோவுக்கும் வி.சி.ஓ.வுக்கும் இடையே அந்த மில்லி வோல்ட்டை ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பிறகு கிடைக்கும் எண்ணோடு சேர்த்து இங்கே எழுதுங்கள்.